கடைமடைக்கு ஒரு சிவப்பு வரிசை

சிவரஞ்சனியின் வயல் காய்ந்துகொண்டிருந்தது. மடைப்பெட்டியோ, அந்த வயலுக்குத் தாகமில்லை என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டது.

மடைப்பெட்டி என்பது செவ்வூரணிக்காரர்கள் வைத்த பெயர். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்தில் வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாத்தி பாய்ந்துவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. கண்மாய்க் கரையில், மடைக்கு மேலே, பீரோ அளவில் நிற்கும் அதற்கு வேலை ஒன்றுதான். தினமும் விடிந்ததும், வயலுக்கொன்றாக நட்டிருக்கும் கம்பத்துக் கேமராக்கள் வழியே எல்லா வயல்களின் முதல் வரிசையையும் பார்க்கும். அந்த முதல் வரிசையில் நிற்பது சாதாரண நெல் அல்ல. ஆய்வகத்தில் பிறந்த நெல். மண்ணில் ஈரம் குறையத் தொடங்கினால், மற்ற பயிர் வாடுவதற்கு நாலு நாள் முன்பே அதன் தாள் செக்கச் செவேலென்று சிவந்துவிடும். வாய்விட்டுச் சொல்லிவிடுவதால் ஊர் அதற்குச் ‘சொல்லி’ என்று பெயர் வைத்தது. எந்த வயலின் சொல்லி சிவக்கிறதோ அந்த வயலுக்குப் பெட்டி தண்ணீர் திறக்கும். தலைமடை கடைமடை, பெரிய வீடு சின்ன வீடு என்ற பேச்சே கிடையாது.

பெட்டி வந்த ஒன்பது வருடத்தில் மடையில் ஒரு மண்டைகூட உடையவில்லை. ஐப்பசி கார்த்திகை முழுக்கப் பெய்ய வேண்டிய மழை இப்போதெல்லாம் எட்டே நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அந்த அரைக் கண்மாய்த் தண்ணீரில் நாற்பத்து மூன்று வயல் விளைகிறதென்றால் பெட்டியைக் கும்பிடத்தான் வேண்டும். கும்பிடவும் செய்தார்கள். முதல் ஆயுத பூஜைக்குப் போட்ட ரோஜா மாலை சூரியத் தகட்டை மறைத்து, பெட்டி அரைநாள் தூங்கிப் போனதால், அடுத்த வருடத்திலிருந்து சந்தனத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பெட்டி சொன்னால் சொன்னதுதான்; எந்த அதிகாரியாலும் மாற்ற முடியாது. அது ஊரே கேட்டு வாங்கிய நிபந்தனை. ஊரில் அதற்காக அதிகம் கத்தியது யார் என்று கேட்டால், சாட்சாத் சிவரஞ்சனிதான். அப்போது மடைச் சாவி தலைமடைக்காரர் முகேஷ்கண்ணனிடம் இருந்தது. கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிவரஞ்சனிக்கு எல்லாரும் பாய்ச்சி மிச்சமிருந்தால்தான் தண்ணீர். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, சாவி ஒருத்தர் இடுப்பில் இருக்கிறவரைக்கும் தன் வயல் நனையாது, மனிதக் கையே படாத மாதிரி வைத்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்று போட்டு உடைத்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் முகேஷ்கண்ணன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற அளவுக்குத்தான் பேச்சு.

இப்போது மார்கழி பிறந்து இருபது நாள். பயிர் சூல்கட்டி நின்றது. இன்னும் நாலு நாளில் தண்ணீர் வராவிட்டால் வருகிற கதிரெல்லாம் பதர்தான். போன வருடமே பாதிக்கு மேல் பதராகிப் போனதை அவள் வெயிலின் கணக்கில் எழுதிவிட்டிருந்தாள். இரண்டு போகம் அடுத்தடுத்துப் பொய்த்த வயலைப் பாசனப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பட்டியலைவிட்டுப் போன நிலத்தில் பிறகு கருவேல மரம்தான் நிற்கும். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று அவள் காப்பாற்றிய நிலம் அது.

இத்தனை நடந்தும் அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அது அவள் சுபாவம். வீட்டில் உப்பு தீர்ந்தால் அன்றைக்கு உப்பில்லாமல் சாப்பிடுகிற பிறவி. பக்கத்து வீட்டு ஜெயசுதா, நடவுக் குழுவின் தலைவி, “எங்க மதினிக்கு விக்கல் எடுத்தாக்கூட அடுத்த வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிக்காது” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதனால் சிவரஞ்சனி பெட்டியில் ஒட்டியிருந்த புகார் எண்ணை மட்டும் அழுத்தினாள். மறுநாள் காலை விதை மையத்திலிருந்து நஸ்ரின் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினாள், அது சிவரஞ்சனிக்குப் பிடித்திருந்தது.

வயல் வெடித்திருந்தது. உள்ளே பயிர் நுனி கருகி நின்றது. முதல் வரிசை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. நஸ்ரின் அதன் தாளைத் தடவிப் பார்த்தாள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள், கடைசியில் கேட்டாள்.

“இது எங்க மையத்து விதைதானாம்மா?”

“ஆமா. முத ரெண்டு வருசம் நீங்க குடுத்ததுதேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எதுக்கு? ஏழு வருசமா என் விதையத்தேன் போடுறேன். விதைக்கா போயி வரிசையில நிப்பாங்க?”

பொட்டலத்தின் மேல், விதை எடுத்து வைக்கக் கூடாது, வருடா வருடம் புதிதாக வாங்க வேண்டும் என்று எழுதியிருந்ததே, படிக்கவில்லையா என்று நஸ்ரின் கேட்டாள். படித்ததாகவும், கம்பெனிக்காரன் எப்போதும் அப்படித்தான் எழுதுவான் என்று நினைத்துக்கொண்டதாகவும் சிவரஞ்சனி சொன்னாள். விதைக்கு எதைப் பொறுக்குவீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. இதைக் கூடவா படித்த பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று இவளுக்கு வியப்பாக இருந்தது. அறுப்புக்கு முந்தி வரிசையோடு நடந்து போய், எந்த நெற்குத்து நோய் நொடி இல்லாமல் பச்சையாக, திடமாக நிற்கிறதோ அதன் கதிரைக் கிள்ளி வைப்பேன் என்றாள்.

நஸ்ரின் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, நூறு சொல்லி நட்டா ஒண்ணு ரெண்டு சொல்லத் தெரியாததாப் பிறக்கும். தாகம் எடுத்தாலும் சிவக்காது. அதனாலதான் வருஷா வருஷம் நாங்க அதைக் கழிச்சுட்டுப் புது விதை குடுக்குறோம். நீங்க நல்லா சிவந்ததை எல்லாம் நோய்னு நினைச்சு ஒதுக்கி, சிவக்காததாப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கீங்க. ஏழு வருஷம். இப்ப இந்த வரிசை முழுக்க ஊமை.”

சிவரஞ்சனி ஒரு குத்தைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். விதை பொறுக்குவதில் அவளுக்கு ஊரில் பேர் உண்டு. அந்தப் பேரே வயலைக் குடித்துவிட்டதா?

பெட்டியைத் திறந்து இரண்டு மணி நேரம் தண்ணீர் விடச் சொல்ல முடியாதா என்று கேட்டாள். கேட்கும்போதே பதிலும் தெரிந்திருந்தது. மனிதக் கை படக் கூடாது என்று கத்தியவள் அவள்தானே. புது விதை போட்டு, அது பெட்டியின் கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர முப்பது நாள் ஆகும் என்றாள் நஸ்ரின். பிறகு கண்மாயைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“பெட்டி நூத்தம்பது குத்து உள்ள ஒரு வரிசையைப் பார்க்கும். அது சிவந்திருக்கான்னு பார்க்கும். எங்க வளர்ந்தது, யார் நட்டதுன்னு பார்க்காது. சொல்லியை வேரோட பெயர்த்தாலே மறுநாள் சிவந்துடும். நான் இதை உங்களுக்குச் சொல்லலை.”

சொல்லாததைச் சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அதுவரை வாய்க்காலில் கை கழுவுகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெயசுதா வரப்பேறி வந்தாள். ஒவ்வொரு வயலிலும் நூற்றறுபது குத்துச் சொல்லி நிற்கிறது, நூற்றைம்பதுக்குக் குறையாதவரை பெட்டி கண்டுகொள்ளாது, வீட்டுக்குப் பத்துக் குத்துக் கேட்டால் தரமாட்டார்களா என்றாள். சிவரஞ்சனி தலையை ஆட்டினாள். குத்து பெரிதல்ல. இருக்கிற தண்ணீர் ஒரு முறைக்குத்தான் காணும். இவள் வயலும் சிவந்தால் எல்லார் பங்கிலும் கொஞ்சம் குறையும், அது எல்லாருக்கும் தெரியும். அதோடு, பெட்டியை ஏமாற்றுவது சரியா என்றும் அவள் மனம் அடித்துக்கொண்டது.

“என்னத்த ஏமாத்துறோம்? வயக்காடு காயுறது நெசந்தான மதினி?” என்றாள் ஜெயசுதா. “நட்டுத் தர்றது நாங்க. ஆனா போயிக் கேக்குறது நீதேன். எனக்காக நீ கேளுன்னு எங்கிட்ட சொல்லிராத.”

வாழ்நாளில் கேட்காததையெல்லாம் சேர்த்து ஒரே காலையில் கேட்டாள் சிவரஞ்சனி. முதல் வீட்டு வாசலில் கூப்பிடக் குரல் வரவில்லை. வீட்டுக்காரி தானாக வெளியே வந்து, “என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?” என்று பதறிவிட்டாள். இரண்டாவது வீட்டில் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. ஐந்தாவது வீட்டில் ஒரு வாய் காப்பியும் குடிக்க முடிந்தது. யாரும் தண்ணீர் குறையுமே என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில், போன வருடமே பதராகிப்போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், நீ சொல்லாமல் நாங்களாக எப்படிக் கேட்பது என்று அவளைத்தான் கடிந்துகொண்டார்கள். பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்று ஆன பிறகு, இந்த ஊரில் ஒருவர் வயலை ஒருவர் எட்டிப் பார்ப்பதே நின்றுபோயிருந்தது. அந்தக் குறை அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

முக்கால் ஊர் வெளியூர் வேலைக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தது. ஒன்பது வீட்டில் தொண்ணூறு குத்துச் சேர்ந்தது. இன்னும் அறுபது வேண்டும். ஒரே வீடுதான் பாக்கி. அந்த வீட்டு வரிசையில் அறுபது எடுத்தால் மிச்சம் நூறு. பெட்டி அந்த வயலைத் தரிசு என்று முடிவு செய்து, தண்ணீர் முறையைத் தள்ளிவிட்டுப் போய்விடும். அதாவது, சாவியைப் பிடுங்கியது போதாதென்று தண்ணீரையும் கொடு என்று கேட்க வேண்டும்.

முகேஷ்கண்ணன் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் குழாயை மூடினார். சிவரஞ்சனி ஒன்றையும் மறைக்காமல், தன் விதைப் பெருமையிலிருந்து அறுபது குத்து வரை சொல்லி முடித்தாள். அவர் துணியைப் பிழிந்தபடியே கேட்டார்.

“சாவி எங்கிட்ட இருந்துச்சு பதினோரு வருசம். ஒரு தரமாச்சும் வந்து, ‘அண்ணே, என் வயக்காடு காயுது’ன்னு கேட்டியா தங்கச்சி?”

“இல்லண்ணே.”

“நீ கேட்டு, நான் முடியாதுன்னு சொல்லி, அதுக்கப்புறம் நீ ஊரக் கூட்டியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது.”

“எனக்குக் கேக்கத் தெரியலண்ணே. இன்னைக்குத்தேன் பழகுறேன்.”

அவர் பிழிந்த துணியை டிராக்டர் மேல் போட்டார். “பாப்போம்” என்றார். குழாயைத் திறந்தார். ‘பாப்போம்’ என்றால் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம். சிவரஞ்சனி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வயலில் ஜெயசுதாவின் ஆட்கள் எட்டுப் பேர் ஊமை வரிசையைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார்கள். பிடுங்க வரவில்லை. நாற்றுப் பறிப்பதில் கை தேர்ந்தவர்கள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, கடைசியில் மண்வெட்டி கேட்டார்கள். “என்ன மதினி, வேரு பாதாளத்துக்குப் போகுது” என்று ஜெயசுதா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வெட்டி எடுத்ததை வாய்க்காலில் வீசப் போனபோது சிவரஞ்சனி தடுத்தாள். ஏழு வருடம் கையால் பொறுக்கி வளர்த்தது. குற்றம் தன்னுடையது, பயிருடையது அல்ல. அள்ளிக்கொண்டு போய், தண்ணீர் என்றைக்கும் ஏறாத வேலியோரப் பொட்டலில் குழி பறித்து நட்டு வைத்தாள். பிழைக்காது என்று தெரியும். உயிரோடு இருப்பதை எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் தொண்ணூறு குத்தும் நட்டாகிவிட்டது. மீதி இடம் வெறுமனே கிடந்தது. தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது, வாய்க்கால் கரையில் டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் டிரெய்லர் நிறைய, மண் உதிராமல் ஈரச் சாக்கு போர்த்தி, சொல்லிக் குத்துகள் இருந்தன. அறுபது அல்ல, நூற்றறுபது.

முகேஷ்கண்ணன் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். “அறுவது எடுத்தா என்ன, அம்புட்டையும் எடுத்தா என்ன? பெட்டிக்கு எல்லாம் ஒண்ணுதான. வழியில சாகுறது போக மிச்சம் நிக்கட்டும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் வரிசையில் இறங்கினார். நடவு நட்டுப் பழக்கமில்லாத ஆள், நட்டதெல்லாம் கோணல். ஜெயசுதாவின் ஆட்கள் அதைச் சொல்லிச் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

மறுநாள் விடிந்தபோது கடைமடையில் ஒரு வரிசை ரத்தச் சிவப்பாக நின்றது. பெட்டி பார்த்தது. ஏழு மணிக்குப் பெட்டியின் அறிவிப்புப் பலகையில் அன்றைய முறை எழுந்தது. சிவரஞ்சனி, மூன்று மணி நேரம். அவள் மற்றவர்களின் நேரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருக்கும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. கடைசியில் தலைமடைக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இருந்தது. அவர் அறுபதோடு நிறுத்தாமல் முழு வரிசையையும் பெயர்த்ததற்கு என்ன காரணமோ, தெரியாது. ஆனால் அவர் வயலின் மூன்று மணி நேரம்தான் அப்படியே இவள் வயலுக்கு வந்திருந்தது.

தண்ணீர் வெடிப்புகளில் இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது. அதற்கு மேல் நன்றியாக இருந்தது. பத்து வீட்டின் பெயரையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னாள். கேட்க யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே சொன்னாள்.

மாசியில் கதிர் கனத்து அறுப்பு முடிந்தது. பட்டியலில் அவள் பெயர் நின்றது. மண்ணில் ஊற்று இருந்ததால் முகேஷ்கண்ணன் வயல் தப்பித்தது, ஆனாலும் நாலில் ஒரு பங்கு பதராகிவிட்டது என்று ஜெயசுதா வழியாகத்தான் தெரிந்தது. அவர் அதைப் பற்றி எங்கும் பேசவில்லை.

அந்த வாரம் நஸ்ரின் வந்தாள். வயலைப் பார்த்துச் சிரித்தவள், திரும்பும்போது வேலியோரத்தில் நின்றுவிட்டாள். பொட்டலில், இரண்டு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் காணாத இடத்தில், ஊமை வரிசை கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. நஸ்ரின் ஒரு குத்தைத் தோண்டினாள். தோண்டிக்கொண்டே போனாள். முழங்கை வரை மண்ணுக்குள் போன பிறகும் வேர் முடியவில்லை. மண் ஒட்டிய கையோடு நிமிர்ந்தாள்.

“அம்மா, அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். இது ஊமை இல்லை. இதுக்கு உண்மையிலேயே தாகம் எடுக்கலை.”

“என்ன தாயி சொல்ற?”

“நீங்க வருஷா வருஷம் வாடாததாப் பொறுக்குனீங்கள்ல? அதுல சொல்லத் தெரியாததும் வந்திருக்கும், ஆழமா வேர் விட்டதும் வந்திருக்கும். ஏழு வருஷத்துல ஆழமா வேர் விட்டது ஜெயிச்சிருக்கு. கீழ ஈரத்தைக் குடிச்சுக்கிட்டு, எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு பெட்டிக்கிட்ட நிஜத்தைத்தான் சொல்லியிருக்கு. பின்னாடி நிக்கிற பயிருக்குத் தாகம்னு அதுக்கு எப்படித் தெரியும்? எங்க மையத்துல பதினஞ்சு வருஷமா இப்படி ஒரு நெல்லைத்தான் தேடுறோம்.”

நஸ்ரின் நாலு கதிரைச் சோதனைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு வருடம் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரை ஆளுக்கொரு மூலையில் மட்டும் போட்டுப் பாருங்கள் என்றாள். மிச்சக் கதிரை உதிர்த்தபோது ஒரு படிக்குக் கொஞ்சம் கூட வந்தது. சிவரஞ்சனி அதைப் பத்துப் பங்காகப் பிரித்தாள். ஒன்பது பங்கு ஒரே அளவு. பத்தாவது மட்டும் பெரிது.

பெரிய பங்கைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போனாள். காலை நேரம். முகேஷ்கண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் சாந்தபிரியா நாற்காலி எடுத்துப் போட்டாள். சிவரஞ்சனி உட்காராமல் எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள்.

“அண்ணே, நீங்க செஞ்சதுக்கு இது ஈடு கெடையாது. எங்கிட்ட இருக்கிறது இதுதேன்.”

அவர் நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். இவள் தொடர்ந்தாள். “ஒண்ணுண்ணே. இது சொல்லாது. அதுக்கே தாகம் வந்தாலும் மொகத்துல காட்டாது. நம்மதேன் அப்பப்ப போயி, கிட்ட நின்னு பாக்கணும்.”

“வளத்தவ புத்தி” என்றார் அவர். சாந்தபிரியா சிரித்துவிட்டாள். சிவரஞ்சனிக்கும் சிரிப்பு வந்தது.

நெல்லை ஒரு சொளகில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவை சாந்தபிரியா கழுவித் திருப்பித் தர வந்தாள். சிவரஞ்சனி அதை வாங்கவில்லை.

“மதினி, வீட்டுல உப்பு இல்ல. இதுல ஒரு கை போட்டுக் குடுக்குறீங்களா?”

முகேஷ்கண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். “நெறையாப் போட்டுக் குடு” என்றார் சம்சாரத்திடம்.

சிவரஞ்சனி உப்பு டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள். அவள் வீட்டு அடுப்படியில், முந்தாநாள்தான் வாங்கிக் கொட்டிய உப்பு ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது.